ஆறால் வகுத்தது

சிதம்பரத்தில் டிகிரி முடித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முடித்த டிகிரியில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். முன்பெல்லாம் மார்க்கைக் கூட்டி வகுத்தால் வேலை முடிந்தது. இப்போது மார்க் ஷீட்டைத் திறந்தால் கிரேடு என்கிறது, பாயிண்ட் என்கிறது, கிரெடிட் என்கிறது, ஜி.பி.ஏ. என்கிறது. வேலைக்குக் கூப்பிடுகிறவன் கேட்கிற ஒரே கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது. இப்படித் திருதிருவென்று முழிக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடம் ஆரோக்கியராஜின் நெட் சென்டர். பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அடிக்கடி மக்கர் பண்ணுகிற ஒரு ஜெராக்ஸ் மெஷின். உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வாசற்படியில்தான் நிற்க வேண்டும்.

அனுப்பிரியாவுக்குத் தன் புருஷன் ஆரோக்கியராஜை நினைத்துப் பெருமை உண்டு. அதில் பாதி இந்தச் சதவீதக் கணக்குக்காகத்தான். ஆறு செமஸ்டர் ஷீட்டையும் வாங்கி மேஜைமேல் வரிசையாகப் பரப்புவான். ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் ஜி.பி.ஏ.வை எக்செல் கட்டத்தில் தட்டுவான். ஆறையும் கூட்டி, ஆறால் வகுத்து, பத்தால் பெருக்கி அரை நிமிஷத்தில் விடை. அறுபதைத் தாண்டிவிட்டால் "ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று பிரசவ வார்டிலிருந்து நர்ஸ் வந்து சொல்கிற மாதிரி சொல்வான். வந்தவர்கள் முகம் அப்படியே மலர்ந்துவிடும். அறுபதுக்குக் கீழே என்றால் குரலைத் தாழ்த்தி, "செகண்ட் கிளாஸ்தாம்ப்பா, பரவால்ல, அம்பதுக்கு மேல இருக்குல்ல" என்பான். யார் மனசும் நோகக் கூடாது அவனுக்கு. அந்த நல்ல மனசால்தான் பின்னால் வினையும் வந்தது.

அனுப்பிரியா பி.காம். குமராட்சிப் பக்கம் அவள் வீட்டில் டிகிரி என்று ஒன்றைக் கண்ணால் கண்ட முதல் ஆள் அவள்தான். படிப்பு முடிந்து கல்லூரியில் கொடுத்த தற்காலிகச் சான்றிதழோடு வந்துவிட்டாள். 'தேர்ச்சி பெற்றார்' என்பதற்கு மேல் அதில் ஒரு வார்த்தை கிடையாது. பட்டமளிப்பு விழாவுக்குப் பணம் கட்டிப் பட்டம் வாங்கி வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அந்த வருஷம் அதற்கு வழியில்லை. அப்புறம் கல்யாணம், சிதம்பரம், நெட் சென்டர். தான் எந்த கிளாஸ் என்பது அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை.

ஆறு வருஷமாகத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். மத்தவர்களுக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு, வருகிற அறிவிப்பெல்லாம் இருவருக்கும் மனப்பாடம். ஏழு தேர்வு எழுதியாயிற்று. அதில் எதுவும் டிகிரி பாஸா என்பதற்கு மேல் கேட்டதில்லை. இரண்டில் அரை மார்க், ஒரு மார்க்கில் போயிற்று. ஒன்றில் தேர்வே ரத்தாயிற்று. போன தையில்தான் அரசு வாரியம் ஒன்றின் அறிவிப்பு வந்தது. உதவியாளர் பணி, பதினாலு இடம், நிரந்தரம், கடலூரில் வேலை. வயது வரம்பு முப்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்திரண்டு முடிய ஐந்து மாசம் பாக்கி. அந்த வாரியம் மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் வாயைத் திறக்கும். இது போனால் அவளுக்கு இன்னொன்று கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

விண்ணப்பம் போட்ட அன்று கடையில் கூட்டம். இருந்தும் மத்தவர்களை ஓரம் கட்டிவிட்டு ஆரோக்கியராஜ் அவளைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தான். அவளுடைய ஆறு ஷீட்டையும் பரப்பினான். ஐந்து புள்ளி ஐந்து, ஐந்து புள்ளி ஆறு, ஐந்து புள்ளி ஏழு, ஐந்து புள்ளி ஒன்பது, ஆறரை, ஆறு புள்ளி ஒன்பது. கூட்டினால் முப்பத்தாறு புள்ளி ஒன்று. ஆறால் வகுத்ததும் திரையில் 60.17 என்று வந்து நின்றது.

"அனு! ஃபர்ஸ்ட் கிளாஸ்டி!" என்று அவன் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஆள் எட்டிப் பார்த்தார்.

"நெஜமாவா மாமா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? இத்தினி வருஷம் ஃபர்ஸ்ட் கிளாஸ்காரிய வீட்ல வச்சிக்கினு சும்மா இருந்திருக்கேன் பாரு."

சதவீதம் என்ற கட்டத்தில் 60.17 போட்டான். அடுத்து வகுப்பு என்றொரு கட்டம். அம்புக்குறியைத் தட்டினால் மூன்று வரி இறங்கி வந்தது. 'முதல் வகுப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கல்யாணத்தன்று கூட அவன் அப்படிச் சிரித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஒரு சந்தேகம் அவளுக்கு எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஷீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கு எதிரேயும் கிரெடிட் என்று ஓர் எண் இருக்கிறதே, அதை இவர் கண்டுகொள்ளவே இல்லையே? இரண்டாம் வருஷம் புள்ளியியல் பாடத்தில் ஒரு முழு அத்தியாயமே அதற்குத்தான். எல்லா எண்ணுக்கும் ஒரே எடை கிடையாது, எடையால் பெருக்கித்தான் சராசரி எடுக்கணும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். அதில் அவள் எழுபத்தொரு மார்க். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, "இருங்க மாமா, கிரெடிட்டையும் பாக்கலாம்" என்று சொல்ல மனம் வரவில்லை. தினமும் போடுகிறவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள். அதற்கு அப்புறம் அதை நினைக்கவே இல்லை.

தேர்வு எழுதினாள். இந்தத் தடவை கை தானாக எழுதியது. வைகாசியில் முடிவு வந்தது. பதினாலு இடத்துக்குப் பதினாலாவது பெயர் அவளுடையது. கடைசிப் பெயர்தான், இருந்தாலும் உள்ளே இருக்கிற பெயர். ஆரோக்கியராஜ் அந்தப் பட்டியலைக் கலரில் பிரிண்ட் எடுத்தான். குமராட்சிக்குப் போன் போட்டு மாமனாரிடம் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கடலூருக்கு வரச்சொல்லித் தபால் வந்தது. பட்டச் சான்றிதழுக்கு இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறோமே, வர ஒரு மாசம் ஆகுமே என்று பயந்து போன் செய்து கேட்டார்கள். தற்காலிகச் சான்றிதழும் ஆறு மார்க் ஷீட்டும் போதும் என்று சொன்னார்கள். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை அவள் தனியாகத்தான் போனாள். ஏதோ ஒரு தேர்வுக்கு அன்று கடைசித் தேதி. கடையைப் பூட்ட முடியாது. ஆரோக்கியராஜ் பஸ் ஸ்டாண்ட் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டு, ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்து, பஸ் நகர்கிற வரை கீழேயே நின்றான்.

"ஒரிஜினல் எல்லாம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"சும்மா கேப்பாங்க, பயப்படாத. ஃபர்ஸ்ட் கிளாஸ்காரி நீ, நிமுந்து உக்காரு."

கடலூரில் மஞ்சக்குப்பத்தில் அலுவலகம். மாடியில் ஒரு நீள அறை, நாலு மேஜை. அனுப்பிரியா போன மேஜையில் இருந்த அம்மாவின் பெயர் அமராவதி என்று எதிரில் பலகையில் எழுதியிருந்தது. ஐம்பது வயசு இருக்கும். சிடுசிடுப்பு இல்லாத முகம். வந்த பெண்ணின் கைநடுக்கத்தைப் பார்த்து, "தண்ணி குடிம்மா மொதல்ல" என்று தன் பாட்டிலை நீட்டியது அந்த அம்மாதான். சாதிச் சான்றிதழ் சரி, பத்தாவது சரி, பன்னிரண்டாவது சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். அப்புறம் மார்க் ஷீட்டுகளை எடுத்தார். பக்கத்தில் ஒரு கால்குலேட்டரை இழுத்து வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்.

அனுப்பிரியா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தரை என்று தட்டிவிட்டு அந்த அம்மா கூட்டல் பொத்தானுக்குப் போகவில்லை. பெருக்கலுக்குப் போனார். இருபத்து நாலு என்று தட்டினார். அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

முதல் இரண்டு செமஸ்டரிலும் இருபத்து நாலு கிரெடிட். மூன்றிலும் நாலிலும் இருபத்தாறு. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து குமராட்சிப் பக்கம் மினி பஸ் ஓடாமல், பாதி நாள் கல்லூரிக்கே போக முடியாத வருஷம் அது. பாடமும் அந்த வருஷம்தான் அதிகம். ஜி.பி.ஏ.வும் அந்த வருஷம் ஆறைத் தொடவில்லை. ஐந்தாவதில் இருபத்திரண்டு. அவள் உசிரைக் கொடுத்துப் படித்து ஆறு புள்ளி ஒன்பது வாங்கிய கடைசி செமஸ்டரில் வெறும் பதினெட்டு கிரெடிட். நல்லாப் படித்ததற்கு எடை குறைவு. முடியாமல் போனதற்கு எடை அதிகம். எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட் நூற்று நாற்பதால் வகுத்தார் அமராவதி. ஒருமுறைக்கு இருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்பத்தொம்பது புள்ளி ஆறு ஆறு வருதும்மா. நீ அறுபது புள்ளி ஒண்ணு ஏழு போட்டிருக்க."

"கூட்டி ஆறால வகுத்தோம் மேடம்."

"அது தப்பு கணக்கும்மா. ஒவ்வொரு செமஸ்டருக்கும் கிரெடிட் வேற வேற இல்ல?"

"தெரியாம போட்டுட்டோம் மேடம். தயவுபண்ணி மாத்திக்கிடுங்க. அம்பத்தொம்பதுன்னே வச்சிக்கிடுங்க."

"பர்சன்டேஜ்கூடப் பரவால்ல. ஒரு பர்சன்ட் வரைக்கும் முன்னபின்ன இருந்தா விட்டுடலாம்னு எங்களுக்கு ஆர்டர் இருக்கு. ஆனா முதல் வகுப்புன்னு போட்டிருக்கியே. இது செகண்ட் கிளாஸ் ஆச்சே. இல்லாத கிளாஸ போட்டா தவறான தகவல்னு சேர்த்துடுவாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நாங்க கேட்டதே அம்பத்தஞ்சுதானேம்மா. செகண்ட் கிளாஸ்னு உள்ளதச் சொல்லியிருந்தா இந்நேரம் டிக் போட்டு அனுப்பியிருப்பேன். யாரு போட்டுக் குடுத்தது உனக்கு?"

சிதம்பரத்தில் கடை போர்டில் எழுதி வைத்திருக்கும் புருஷன் பெயர் அனுப்பிரியா வாயிலிருந்து வரவில்லை.

அமராவதி சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். காகிதங்களை எடுத்துக்கொண்டு உள் அறையில் இருந்த அதிகாரி மணவாளனிடம் போனார். கதவு திறந்துதான் இருந்தது. பேசுவதெல்லாம் கேட்டது. அந்தப் பொண்ணு ஏமாத்தணும்னு பண்ணல சார், கணக்குத் தெரியல சார் என்று இவர் சொன்னார். எனக்குத் தெரியுதும்மா, ஆனா விண்ணப்பம் போட்டப்பவே திருத்தறதுக்கு மூணு நாள் குடுத்தோமே, போன தடவை ஒருத்தருக்குப் பாவம் பாத்து விட்டதுக்குத்தானே கோர்ட்டுக்கு நடந்துகிட்டிருக்கேன் என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. கோபம் இருந்திருந்தால் காலில் விழலாம். அலுப்பின் காலில் எப்படி விழுவது?

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 'தவறான தகவல் அளித்தமையால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்ற தாளில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டாள். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயருக்குப் போன் செய்யச் சொல்லி யாரோ யாரிடமோ சொன்னார்கள். எங்கோ ஒரு வீட்டில் இன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் பொங்கும். அவளுக்கு அந்த முகம் தெரியாத ஆள் மேல் பொறாமை வந்தது, அப்புறம் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை. கணக்குத்தான் வந்தது. மனசுக்குள்ளேயே பெருக்கிப் பெருக்கிப் பார்த்தாள். இருபத்து நாலை ஐந்தரையால், இருபத்தாறை ஐந்து புள்ளி ஏழால். எப்படிப் போட்டாலும் எண்ணூற்று முப்பத்தைந்து புள்ளி இரண்டுதான் வந்தது. இன்னும் ஒரு ஐந்து பாயிண்ட் எங்காவது கிடைத்திருந்தால் எண்ணூற்று நாற்பது, சுத்தமான ஃபர்ஸ்ட் கிளாஸ். மூன்றாம் செமஸ்டரில் ஒரு பேப்பரில், ஒரே ஒரு பேப்பரில், கூட ஒரு கிரேடு. வெள்ளத்தில் நோட்டுப் போகாமல் இருந்திருந்தால். இதை நினைத்து என்ன பிரயோசனம்? ஃபர்ஸ்ட் கிளாஸே தேவைப்படவில்லையே. அவள் இருந்தபடி இருந்திருந்தாலே போதுமாயிருந்ததே. அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

ஆலப்பாக்கம் தாண்டுகிற வரை புருஷன் மேல் கொதித்துக்கொண்டிருந்தாள். போனதும் இதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், உன் கணக்கால் போச்சு, உன் ஃபர்ஸ்ட் கிளாஸால் போச்சு என்று கத்த வேண்டும். புதுச்சத்திரம் வருவதற்குள் புள்ளியியல் பாடத்து எழுபத்தொன்று ஞாபகத்துக்கு வந்தது. தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாளே. தெரியாதவனைச் சொல்லி என்ன? பரங்கிப்பேட்டை விலக்கு வந்தபோது கோபம் எல்லாம் வடிந்து வெறும் களைப்பு மட்டும் மிஞ்சியது.

பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியராஜ் வண்டியோடு நின்றிருந்தான். கூட்டத்தில் அவளைக் கண்டதும் கையைத் தூக்கி ஆட்டினான். அவளுக்குப் பிடித்த இனிப்புக் கடைப் பை ஒன்று வண்டி ஹேண்டிலில் தொங்கியது. அந்தப் பையைப் பார்த்ததும் அவள் பொய் சொல்லிவிட்டாள்.

"கெடைக்கல மாமா. பதினாலாவது எடத்துக்கு ரெண்டு பேரு சரிசமமா மார்க்காம். டிகிரில யாருக்குப் பர்சன்டேஜ் ஜாஸ்தியோ அவுங்களுக்குக் குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு எழுபத்து ரெண்டு."

அவன் முகம் விழுந்தது. ஆனால் விழுந்த முகத்தை அவளுக்காக உடனே தூக்கி நிறுத்திக்கொண்டான். "அட வுடு அனு. எழுபத்து ரெண்டுகூட நாம என்னா பண்ண முடியும்? உன் மேல தப்பு இல்ல" என்றான். வழியெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினான். வீட்டில் தட்டை எடுத்து வைத்து அவனே சோறு போட்டான். அவள் சாப்பிடவில்லை. அவளைச் சாப்பிட வைப்பதற்காக அவன் சாப்பிட்டான். "ஒண்ணு மட்டும் மனசுக்கு நிம்மதி அனு. நாம ஃபர்ஸ்ட் கிளாஸ்னு போட்டதாலதான் கடைசி வரைக்கும் மோதிப் பாத்தோம். இல்லன்னா அந்தப் பொண்ணு பக்கத்துலகூட நின்னிருக்க முடியாது" என்றான். அவள் தலையாட்டினாள். ஒரு நாள் பொய், நாளடைவில் இவரும் மறந்துவிடுவார், யாருக்கும் நஷ்டமில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அந்தச் சமாதானத்துக்கு ஆயுசு மறுநாள் காலை பத்தரை வரைதான்.

வீட்டில் உட்கார்ந்தால் சுவர் மேலே விழுகிற மாதிரி இருக்கிறது என்று அவளும் கடைக்கு வந்திருந்தாள். பத்தரைக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். கனிமொழி என்று பெயர். இருபத்து மூன்று வயசு இருந்தால் அதிகம். துணிப்பையில் ஆறு மார்க் ஷீட், பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக. ஏதோ ஒரு நிறுவனத்தில் கணக்கர் வேலைக்குத் தேர்வு, இன்றைக்குள் விண்ணப்பம் போட வேண்டும். ஆரோக்கியராஜ் வழக்கம் போல ஷீட்டுகளைப் பரப்பினான், தட்டினான்.

"அறுபது புள்ளி மூணு. ஃபர்ஸ்ட் கிளாஸ்ம்மா!"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தயங்கி, "அண்ணா, கிரெடிட்ட வச்சிப் பெருக்கணும்னு எங்க மிஸ் ஏதோ சொன்னாங்கண்ணா" என்றாள்.

"அதெல்லாம் காலேஜ்ல சொல்றது. நான் பத்து வருஷமா போடறேன். இதோ என் ஒய்ஃப், இவுங்களுக்கும் நான்தான் போட்டேன். நேத்துதான் கடலூர் வெரிஃபிகேஷன் போய்ட்டு வந்தாங்க. கணக்குல ஒரு தப்புகூட சொல்லல. வேற ஒரு பொண்ணுக்கு எழுபத்து ரெண்டு இருந்துச்சு, அதனால போச்சு. இல்ல அனு?"

அனுப்பிரியா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். நம்பிக்கையோடு அவள் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆரோக்கியராஜ் சிரித்த முகத்தோடு இருப்பான். இந்தப் பெண் படித்து, எழுதி, பாஸாகி, ஒரு நாள் ஏதோ ஒரு மேஜைக்கு முன்னால் கைநடுக்கத்தோடு உட்காருவாள். யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்.

"அந்த ஷீட்ட இப்படிக் குடும்மா" என்றாள்.

ஒரு பழைய பிரிண்ட் தாளின் பின்பக்கத்தில் பெருக்கினாள். ஆறு வரி. கூட்டினாள். மொத்த கிரெடிட்டால் வகுத்தாள்.

"அம்பத்தெட்டு புள்ளி ஒம்பது. செகண்ட் கிளாஸ். அதையே போடும்மா, அறுபதுன்னு போடாத."

"என்னா அனு, காலைலயே அந்தப் பொண்ண பயமுறுத்திக்கினு" என்று ஆரோக்கியராஜ் சிரித்தான்.

"மாமா, எழுபத்து ரெண்டுன்னு ஒரு பொண்ணும் இல்ல."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"கிரெடிட்ட வச்சிப் பாத்தா எனக்கு அம்பத்தொம்பது புள்ளி ஆறு ஆறுதான் வருது. இல்லாத கிளாஸ போட்டோம்னு தள்ளிட்டாங்க." சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. "எதிர்ல யாரும் இல்ல மாமா. பதினாலாவது எடம் என்னுதுதான். செகண்ட் கிளாஸ்னு போட்டிருந்தா இந்நேரம் எனக்கு வேலை."

அந்தப் பெண் கனிமொழி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ தன்னால் நடந்துவிட்டது போல் முகம் வெளிறி நின்றாள். ஆரோக்கியராஜ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். அறுபது புள்ளி மூன்றை அழித்தான். அனுப்பிரியா எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, 58.9 என்று தட்டினான். செகண்ட் கிளாஸ் என்று போட்டான். ஒரு முறைக்கு மூன்று முறை சரிபார்த்து அனுப்பினான். பிரிண்டை அந்தப் பெண்ணிடம் கொடுக்கும்போது, "நல்லபடியா எழுதும்மா" என்றான். குரல் அவன் குரலாகவே இல்லை. அவள் காசை மேஜையில் வைத்துவிட்டு, ஷீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தான். இந்த வருஷம், போன வருஷம், அதற்கு முந்தின வருஷம். ஆள் ஆளாகப் பெயர், பெயர் பெயராக விண்ணப்பம். சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனான். பெயர்கள் முடிகிறபாடாக இல்லை.

"அய்யனார்னு ஒருத்தன், ரயில்வேக்குப் போட்டான்" என்றான் திரையைப் பார்த்தபடியே. "வெரிஃபிகேஷன்ல தள்ளிட்டாங்க அண்ணான்னு வந்து நின்னான். உன் நேரம்ப்பா, அடுத்த தடவை பாக்கலாம்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன் அனு. டீ வாங்கிக் குடுத்து."

அவள் அவன் தோளைத் தொட்டாள். அவன் தட்டிவிடவும் இல்லை, திரும்பவும் இல்லை.

கடைசியில் ஃபோல்டருக்குள் அவளுடைய பெயரைத் தேடி எடுத்தான். தையில் போட்ட விண்ணப்பம் திரையில் விரிந்தது. பெயர், பிறந்த தேதி, படித்த கல்லூரி, சதவீதம். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பதற்குச் சிவப்பில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. வகுப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் அவன் விரல் நின்றது. அங்கே விரலை வைத்துத் தேய்த்தான், தூசி ஏதாவது மறைத்திருக்கிறதோ என்பது போல.

"இதுக்கு ஸ்டார் இல்ல அனு" என்றான். "போடாம விட்டிருக்கலாம். அன்னிக்கே பாத்தேன், ஸ்டார் இல்லன்னு. ஆசைக்குத்தான் போட்டேன்."

அவளுக்குப் பரவாயில்லை மாமா என்று சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. ஆறு வருஷமாக அவன் அவளுக்குச் சொன்ன வார்த்தை அது, ஒவ்வொரு தோல்விக்கும் சொன்னது. ஆனால் பரவாயில்லை என்று சொல்ல அவளிடம் இனி ஒரு தேர்வும் பாக்கி இல்லை.

வாசலில் ஒருவர் வந்து நின்று ஆதார் ஜெராக்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்டார். ஆரோக்கியராஜ் காதில் விழவில்லை. அவள்தான் எழுந்து போய் அட்டையை வாங்கினாள்.